வேகம் ஏத்தலாம்... வெயிலைக் கேட்டுக்கிட்டு ஏத்துங்க!

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி, திருவக்கரை)

வேகம்! வேகம்! எதிலும் வேகம்! பஸ் வேகமாகப் போக வேண்டும், ரிசல்ட் வேகமாக வர வேண்டும், வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரும் வேகமாக ஓட வேண்டும். இன்றைய மாணவர்களாகிய நம் எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான் இது. ஆசைப்படுவது தப்பில்லை நண்பர்களே! ஆனால் அந்த வேகத்துக்கு என்ன விலை, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறோமா?

"ஓவர்கிளாக்" என்ற வார்த்தை இப்போது நம் கேண்டீன் வரைக்கும் வந்துவிட்டது. ப்ராசஸரைச் செய்த கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே அதை ஓட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். "நான் 4 கிகாஹெர்ட்ஸ் ஏத்திட்டேன்" என்று ஒருவர் சொன்னால், "நான் 4.1" என்று இன்னொருவர் சொல்கிறார். இதை வீரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். "காசு போட்டு வாங்கின பொருளை நாசம் பண்ற வேலை" என்று திட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருமே கொஞ்சம் அவசரப்படுகிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. கணக்கு வைத்துச் செய்தால் அது படிப்பு. கணக்கு இல்லாமல் செய்தால் நஷ்டம்.

"இதைச் சொல்ல நீ யாரும்மா?" என்று கேட்பீர்கள். பட்டவள் சொல்கிறேன்.

கம்மல் போய் கம்ப்யூட்டர் வந்த கதை

எங்கள் ஊர் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு நீங்கள் வந்திருக்கலாம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் கல்மரப் பூங்காவையும் பார்த்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கல்லால் அல்ல, சுற்றுவட்டாரத்துக் குவாரிக் கல்லால்! அப்பா டிப்பர் லாரி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

முதல் வருடத்தில் டிராயிங் வேலைக்குக் கம்ப்யூட்டர் இல்லாமல் லேபையே நம்பிக் கிடந்தேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பாதி வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிய நாட்கள் எத்தனையோ! அதைப் பார்த்து அம்மா தன் கம்மலை அடகு வைத்தார். தெரிந்தவர் மூலமாக 12 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய பெட்டி வந்தது. உள்ளே ஏ.எம்.டி. ரைசன் 3 2200ஜி ப்ராசஸர். 2018 பிப்ரவரியில் சந்தைக்கு வந்தது. நாலு கோர், அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 3.7. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே படம் காட்டும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது. பூட்டுப் போடாத ப்ராசஸர் என்பதால் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளவும் முடியும்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

சித்திரை மாதம். மினி புராஜக்ட் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. முப்பரிமாணப் படத்தை ரெண்டர் போட்டால் ஒரு மணி நேரம் ஆகிறது. குளிர் தேசத்துக்காரர் ஒருவர் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். அதே ப்ராசஸர், அதே சின்ன ஃபேன். "4.0 கிகாஹெர்ட்ஸ், 1.40 வோல்ட், பிரச்சினையே இல்லை" என்கிறார். அப்படியே பயோஸில் அந்த எண்களைப் போட்டேன். கம்ப்யூட்டர் கிளம்பியது. எனக்குத் தலை கால் புரியவில்லை!

பத்தே நிமிடம். சூடு 95 டிகிரியைத் தொட்டது. அதற்கு மேல் போகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்தது. அதாவது, நான் ஏற்றுவதற்கு முன்பு ஓடியதை விட மெதுவாக ஓட ஆரம்பித்தது! அது மட்டுமா? ஃபைல் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே நீலத் திரை வந்து நின்றுவிட்டது. மறுபடி போட்டுப் பார்த்தால் ஃபைல் திறக்கவில்லை. இரண்டு ராத்திரி வேலை போச்சு. அம்மாவின் கம்மலும் போயிற்றோ என்று அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அப்பா கேட்ட ஒரு கேள்வி

ராத்திரி லோடு இறக்கிவிட்டு அப்பா வந்தார். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார்.

"கம்ப்யூட்டர் சூடாயி நின்னு போச்சுப்பா."

"ஹீட் ஏறிடுச்சா? இதுல ரேடியேட்டர் எங்கம்மா இருக்கு? தண்ணி எங்க ஊத்துவாங்க?"

"தண்ணி கிடையாதுப்பா, காத்துதான்."

"காத்துன்னா... எந்தப் பக்கம் உள்ள வருது? எந்தப் பக்கம் வெளிய போவுது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை! ஒரு வருஷம் தெர்மல் இன்ஜினியரிங் பாடம் படிக்கப் போகிறவள் நான். எட்டாவதோடு நின்றவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்பா சொன்னார்: "மார்கழியில இழுத்த லோடை சித்திரையில அதே மாதிரி இழுக்க முடியாதும்மா. மேடு ஏறும்போது ரோட்டை மட்டும் பார்த்தா போதாது, ஹீட் முள்ளையும் பார்க்கணும்."

நண்பர்களே, காற்றால் குளிர வைக்கும் கம்ப்யூட்டரில் ஓவர்கிளாக் செய்வதற்கு இதை விடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அதற்குக் கீழே எந்த ஃபேனாலும் ப்ராசஸரைக் குளிர வைக்க முடியாது. ஹீட் சிங்க் செய்வதெல்லாம் ப்ராசஸரின் சூட்டை வாங்கி அறைக் காற்றில் விடுவதுதான். அறையே கொதித்தால் அது எங்கே கொண்டுபோய் விடும்?

ஒரே எண், வேறு ஊர்

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ப்ராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடும். ஆனால் வோல்டேஜோடு இருமடிப் பெருக்கமாகக் கூடும். வோல்டேஜைக் கொஞ்சம் தொட்டாலும் சூடு எகிறுவது இதனால்தான். என் பெட்டி சாதாரணமாக நாலு கோரும் ஓடும்போது 3.6 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட். அதை 4.0க்கும் 1.40க்கும் ஏற்றினால், வேகம் 11 சதவீதம்தான் கூடுகிறது. சூடு 39 சதவீதம் கூடுகிறது! பதினொன்று வாங்க முப்பத்தொன்பது கொடுக்கிறோம். எந்தக் கடையில் இப்படி ஒரு பேரம் நடக்கும்?

இப்போது ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பெட்டியோடு வந்த சின்ன ஃபேன், சுத்தமாக இருக்கும்போது, ப்ராசஸரை அறை வெப்பத்தை விட 40 டிகிரி மேலே வைக்கிறது. சூடு 39 சதவீதம் கூடினால் அந்த 40 என்பது சுமார் 56 ஆகும். வீடியோக்காரரின் அறை 22 டிகிரி என்று வையுங்கள். 22உம் 56உம் 78. நிம்மதியாக ஓடும். எங்கள் வீடு ஷீட் போட்ட வீடு. சித்திரையில் மத்தியானம் மூன்று மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 39 டிகிரி. 39உம் 56உம் 95! கம்பெனி இந்த ப்ராசஸருக்குக் குறித்திருக்கும் உச்ச எல்லையும் அதே 95தான். இதில் என் பெட்டிக்குள் விரல் கனத்துக்குத் தூசி வேறு.

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய எண் அவருடைய ஊருக்குச் சரி. அதைக் கடன் வாங்கி திருவக்கரைக்குக் கொண்டு வந்தது என் தப்பு.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. நம் நண்பர்கள் பலர் ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சோதனை செய்து "ஸ்டேபிள்" என்கிறார்கள். விடியற்காலை எங்கள் அறை 31 டிகிரி, மத்தியானம் 39. எட்டு டிகிரி வித்தியாசம். ராத்திரி பாஸாகிற கம்ப்யூட்டர் மத்தியானம் பெயிலாகும். ஆகவே சோதனை வைக்க வேண்டிய நேரம் மத்தியானம் இரண்டு மணி முதல் நாலு மணி வரை. மாதம், சித்திரை இல்லாவிட்டால் வைகாசி!

எந்த வரிசையில் செய்வது?

அதற்குப் பிறகு நான் மறுபடி தொடங்கினேன். அனுபவத்தில் கண்ட வரிசையை இங்கே சொல்கிறேன்.

முதலில் தூசி. எங்கள் ஊரில் கிரஷர் தூசி வீட்டுச் சோற்றில் கூட இருக்கும். அந்தக் கல்தூசி ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவில் அடைத்துக்கொண்டு காற்றையே விடுவதில்லை. கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பிரஷ்ஷும் புளோயரும் வைத்து எடுத்தேன். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் கெட்டுவிடும். காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்தேன். அதிகம் வைத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்பத்தான் அது. தடிமனாகப் போனால் சூட்டுக்கு அதுவே தடை. இந்த இரண்டு வேலையிலேயே சூடு 88இலிருந்து 79க்கு இறங்கியது. செலவு, பேஸ்ட் வாங்கிய காசு மட்டும்.

இரண்டாவது, காற்றின் வழி. அப்பா கேட்ட கேள்வி! முன்பக்கம் உள்ளே, பின்பக்கம் வெளியே. முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன். முன் ஃபேனுக்கு நைலான் கொசு வலையைத் துண்டு வெட்டிக் கட்டினேன். அதனால் சூடு இரண்டு டிகிரி கூடத்தான் செய்கிறது. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய சுத்தம் மூன்று மாதத்துக்குத் தள்ளிப் போகிறது. வலையை மட்டும் வாராவாரம் அலச வேண்டும். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அன்றைக்குச் சூடு குறையும், ஒரு மாதத்தில் தூசி வட்டியும் முதலுமாகச் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, கரண்ட். எங்கள் பக்கம் மோட்டார் போடுகிற நேரத்தில் லைட் மங்கும். ஓவர்கிளாக் செய்த ப்ராசஸர் சுத்தமான கரண்டைக் கேட்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்., சரியான எர்த், முடிந்தால் யு.பி.எஸ். இருக்க வேண்டும். இவை இல்லாதவர்கள் இந்த ஆசையை ஒத்தி வைப்பதே நல்லது.

நான்காவது, மதர்போர்டு. ரைசனில் பி450 போன்ற போர்டுகளில் வேகத்தைக் கூட்ட வழி உண்டு, ஏ320இல் கிடையாது. இன்டெல் என்றால் பொதுவாக "கே" என்ற எழுத்து உள்ள ப்ராசஸரும் "இசட்" வரிசை போர்டும் வேண்டும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கமே வர வேண்டாம். அதற்குள் காற்றுக்கு இடமில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகே வேகம். நான் சேர்த்து வைத்த ஸ்காலர்ஷிப் காசில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு டவர் கூலர் வாங்கினேன். நிமிர்ந்து நிற்கும் தகடுகள், சூட்டைத் தூக்கிப்போகும் செப்புக் குழாய்கள், 120 மில்லிமீட்டர் ஃபேன். இதிலும் ஒரு விஷயம் உண்டு. பழைய சின்ன ஃபேன் கீழ்நோக்கி அடித்ததால் போர்டில் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பாகங்களுக்கும் காற்று பட்டது. டவர் கூலர் பக்கவாட்டில் அடிக்கும். ஆகவே அந்த இடமும் சூடாகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபைல்களை எல்லாம் முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். பிறகு ஒரு தடவைக்கு 50 மெகாஹெர்ட்ஸ் மட்டும். வோல்டேஜை "ஆட்டோ"வில் விடவில்லை. தானாக விட்டால் சில போர்டுகள் தேவைக்கு மேல் ஏற்றிவிடும். 1.35 வோல்ட்டுக்கு மேல் போவதில்லை என்று முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு படியிலும் பிரைம்95 ஓட்டி, சூட்டைக் குறித்தேன். 95 வரை தாங்கும் என்று கம்பெனி சொன்னாலும் எனக்கு எல்லை 80. ஒரே நேரத்தில் இரண்டு எண்ணை மாற்றவே இல்லை. எது கெடுத்தது என்று அப்புறம் எப்படித் தெரியும்? ஒருமுறை திரையே வரவில்லை. பயப்படாமல் பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பழைய நிலைக்கு வந்துவிட்டது.

கடைசியில் 3.9 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டில் நிறுத்தினேன். மத்தியானம் மூன்று மணிக்கு 77 டிகிரி. மழைக்காலம் வந்து போயிற்று. இன்று வரை ஒரு நீலத் திரை இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டாமா?

இவ்வளவு பாடுபட்டு எனக்குக் கிடைத்தது என்ன? 3.6இலிருந்து 3.9. எட்டு சதவீதம். ஒரு மணி நேர ரெண்டர் வேலையில் நாலரை நிமிடம் மிச்சம். அவ்வளவுதான்! அதற்குச் சூடு 26 சதவீதம் கூடுகிறது. ஒற்றை ராம் இருந்த இடத்தில் அதே மாதிரி இரண்டாவது ராம் போட்டபோது, திரையில் படத்தைத் திருப்பிப் பார்க்கிற வேகம் இதை விட அதிகமாகக் கூடியது. ஏனென்றால் இந்த ப்ராசஸரின் கிராபிக்ஸ் பகுதி சாதாரண ராமையே பங்கு போட்டுக்கொள்கிறது.

ஒரு காலத்தில் இதில் பெரிய லாபம் இருந்தது. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவான ப்ராசஸரை, பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றி, 300இலிருந்து 450க்குப் பலர் ஏற்றி ஓட்டினார்கள். பாதிக்குப் பாதி லாபம்! இன்று கம்பெனிகளே முடிந்த வரை வேகத்தைக் கறந்து கொடுத்துவிடுகின்றன. மிச்சம் விடுவது கொஞ்சம்தான். அதை எடுக்கப்போய் கெட்டால் வாரண்டியும் கிடையாது.

பிறகு ஏன் செய்தாய் என்று கேட்டால், நாலரை நிமிடத்துக்காக அல்ல என்றே சொல்வேன். வெப்பம் எப்படிப் போகிறது என்று புத்தகத்தில் படிக்கும் முன்பே கையால் தொட்டுப் பார்த்தேன். அளந்து, எழுதி, ஒன்றொன்றாக மாற்றுகிற பழக்கம் வந்தது. கடன் வாங்கிய எண்ணை நம்பாமல் நம் வீட்டுத் தெர்மாமீட்டரை நம்பும் தைரியம் வந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எனக்கு அது சின்ன லாபம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹீட் சிங்கிலிருந்து நான் தட்டிய அந்தக் கல்தூசியைத்தான் அப்பா இருபது வருஷமாக மூச்சில் இழுக்கிறார். கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயைப் பற்றி நாம் பாதுகாப்புப் பாடத்தில் படிக்கிறோம். 12 ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு வலை கட்டிய அன்று ராத்திரி, அப்பாவுக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கித் தரவில்லையே என்று உறைத்தது. அடுத்த வாரமே வாங்கினேன். "வண்டிக்கு ஏர் ஃபில்டர் மாதிரி எனக்கா?" என்று சிரித்தார். இப்போது பாதி நாள் போடுகிறார். மீதி நாளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக நம் மாணவர் பேரவைக்கும் நிர்வாகத்துக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். லேபில் கழித்துக் கட்டும் பழைய கம்ப்யூட்டர்களில் இரண்டை எங்களுக்குக் கொடுங்கள். ஒரு தெர்மாமீட்டர், ஒரு டியூப் பேஸ்ட், ஒரு பிரஷ், ஒரு நோட்டு. மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். திறக்கவும் துடைக்கவும் அளக்கவும் ஏற்றவும் இறக்கவும் நாங்களே கற்றுக்கொள்கிறோம். கெட்டால் கழித்துக் கட்டிய பெட்டிதான் கெடும். அம்மாவின் கம்மலை வைத்துச் சோதனை செய்கிற நிலை அடுத்த வருடம் வருகிற தம்பி தங்கைகளுக்கு வர வேண்டாம்.

அந்தக் கம்மல் போன ஆடியில்தான் மீண்டு வந்தது. அம்மா காதில் போட்டுக்கொண்டு, "இன்னும் எவ்ளோ வேகம் வேணும் உனக்கு?" என்று கேட்டார்.

"இது போதும்மா" என்றேன்.

வேகத்தை ஏற்றுவோம் நண்பர்களே! வெயிலைக் கேட்டுக்கொண்டு ஏற்றுவோம்!